எதுத்த ஊட்டுப் பையன் எப்படிங்க?

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. பெருந்துறைல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதுங்க வெயிலு. இந்தாங்க, தண்ணி குடிங்க. அரைச் சொம்புதான் இருக்குது, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒறம்பரைக்கு அரைச் சொம்புத் தண்ணி குடுக்கறது எங்க வழக்கமில்ல. நேத்தே வந்திருக்கோணும் தண்ணி, இன்னும் காணோம். வந்துருச்சுன்னா காப்பியே போட்டுரலாம். அதுவரைக்கும் சித்த பழமை பேசிட்டு இருப்போம்.

எதுத்த ஊட்டுப் பையனைப் பத்தி விசாரிக்கத்தானே வந்திருக்கறீங்க? நீங்க சொல்லாட்டியும் தெரியுமுங்க. வீதி முனைல நின்னு அந்த ஊட்டையே பாக்கறது, அப்பறம் பாக்காத மாதிரி அதைத் தாண்டி வர்றது, வந்து எங்கூட்டுக் கேட்டைத் தட்டறது. பொண்ணு ஊட்டுக்காரங்களைத் தவிர வேற யாரு இப்படி வருவாங்க? நீங்க பொண்ணுக்குத் தாய்மாமனா? ரொம்ப நல்லதுங்க. தாய்மாமன் நேருல வந்து விசாரிச்சாத்தான் அது விசாரணை.

சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க. மத்தவங்க ஊட்டுல கேட்டீங்கன்னா, "தங்கமான பையனுங்க"ன்னு ஒரே வார்த்தைல சொல்லி முடிச்சுருவாங்க. தங்கம்னா எத்தனை காரட்டுன்னு கேக்கறவன் நான். பேரு சென்னியப்பன். கூட்டுறவுச் சங்கத்துல நகை மதிப்பீட்டாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். அடகு வெக்க வர்ற நகையைக் கல்லுல உரசி, திராவகம் விட்டு, லென்ஸ்ல பாத்து, இதுல எத்தனை தங்கம் எத்தனை செம்புன்னு சொல்றதுதான் வேலை. மாமியா போட்ட சங்கிலின்னு சொல்லுவாங்க. அம்மன் பாதத்துல வெச்சு எடுத்ததுன்னு சொல்லுவாங்க. எது சொன்னாலும் சரி, உரசாம நான் வாயைத் தொறந்ததில்ல. என் சொந்த மச்சினன் கொண்டாந்த மோதரத்தை உரசிப் பாத்து, பித்தளைன்னு கூட்டத்துக்கு நடுவுல சொன்னவன் நான். அன்னைக்குப் போனவன் இன்னும் எங்கூட்டு நோம்பி, விசேசத்துக்கு வர்றதில்லீங்க. அப்பறம் ஊட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் தெரியுது, அது எங்க மாமனாரு அவனுக்கும் எனக்கும் சோடியா செஞ்சு போட்ட மோதரம். இந்தா பாருங்க, என்ற விரல்ல இருக்கறது. இதை நான் இன்னைக்கு வரைக்கும் உரசிப் பாக்கலை. சிரிக்காதீங்க.

வீதில எனக்கு உரைகல்லுன்னு பேரு வெச்சிருக்காங்க. நேருல சொல்ல மாட்டாங்க, அந்தப் பக்கம் திரும்பி "உரைகல்லு வருது"ம்பாங்க. எனக்குக் காது நல்லாவே கேக்குமுங்க.

சரி, வெசயத்துக்கு வர்றேன். பையன் எப்படின்னு கேட்டீங்க. அதை ஒத்தை வார்த்தைல சொல்ல முடியாதுங்க. போன கோடைல எனக்கு வந்த அவமானத்தை முச்சூடும் கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க வீதிக்குத் தண்ணி எப்ப வரும்னு கடவுளுக்கும் நாச்சிமுத்துக்கும்தான் தெரியும். நாச்சிமுத்துங்கறவரு தண்ணி தொறந்து விடற ஆளு. அவருக்கே மேல இருந்து போன் வந்தாத்தான் தெரியுமாம். வாரத்துக்கு ஒருக்கா வந்தா பெரிசு. காத்தால வரும், உச்சி வெயில்ல வரும், சோத்துல கையை வெச்சிருக்கறப்ப வரும். வந்தாலும் சித்த நேரம்தான். அந்நேரத்துக்கு ஊட்டுல ஆளில்லைன்னா அடுத்த வாரம் வரைக்கும் ஆகாசத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்.

முன்னயெல்லாம் எதுத்த ஊட்டு சுலோச்சனாதான் எங்களுக்கெல்லாம் மணி. பையனோட அம்மாதானுங்க. புருசன் போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு. அந்தம்மா ஊட்டு வாசல்லதான் வால்வு இருக்குது. நாச்சிமுத்து வந்து குனிஞ்சாப் போதும், சேலையை இழுத்துச் சொருகிட்டு, "தண்ணி வந்துருச்சுங்கோ!"ன்னு கத்திட்டே வீதி முச்சூடும் ஓடும். ஒவ்வொரு ஊட்டுக் கேட்டையும் தட்டும். தன்கூடப் பேசாதவங்க ஊட்டுக் கேட்டையும் தட்டும். இப்படித்தான் ஒருநா ஓடறப்ப எங்கூட்டு வாசல்ல பாசி வழுக்கி உழுந்துருச்சு. என்ற தொட்டி நெறஞ்சு வழிஞ்சு புடிச்ச பாசிதான். அது இருக்கட்டும். இடுப்பெலும்பு போயிருச்சுங்க. ஆபரேசன் பண்ணி, இப்ப நாலு காலு வெச்ச கம்பியைப் புடிச்சுட்டுத்தான் நடமாட்டம்.

அந்தம்மா படுத்துச்சா, வீதிக்கே காது கேக்காத மாதிரி ஆயிருச்சு. தண்ணி வருது, போகுது, ஒருத்தருக்கும் தெரியறதில்ல. வாட்ஸப்புல குரூப்பு இருந்துச்சுங்க. அதுல "இனிய காலை வணக்கம்"னு ரோசாப்பூவா வந்து குமிஞ்சிருக்கும். அந்தப் பூவையெல்லாம் தள்ளிட்டு உள்ளே போனா, முந்தாநேத்து தண்ணி வந்துட்டுப் போன செய்தி கெடக்கும்.

அப்பத்தான் இந்தப் பையன், தரணிதரன், போன்ல போடற ஒரு ஆப்பு செஞ்சான். பனியன் கம்பெனில கம்ப்யூட்டர் பாக்கறவன். நாச்சிமுத்து வால்வைத் தொறக்கறப்ப தன்ற போன்ல ஒரு பொத்தானை அமுத்தோணும். அமுத்துனா வீதில இருக்கற அத்தனை போனும் ஒட்டுக்கா, "தண்ணி வந்துருச்சுங்கோ!"ன்னு கத்தும். போனை ஊமையாக்கி வெச்சிருந்தாலும் கத்தும். யாரு கொரலு? சுலோச்சனா கொரலேதான். படுக்கைல இருந்தபடியே ஒருக்கா கத்தச் சொல்லி, அதைப் புடிச்சு வெச்சுட்டான்.

ஊடு ஊடாப் போயி ஏத்தி விட்டான். எங்கூட்டுக்கும் வந்தான். "பெரியப்பா, போனைக் குடுங்க"ன்னான். குடுத்தேன். என்னமோ பண்ணுனான். போன் டக்குன்னு நின்னு, இது தெரியாத எடத்துல இருந்து வருது, உங்க போனுக்குக் கெடுதல் வரலாம்னு காட்டுச்சு. நான் போனைப் புடுங்கிட்டனுங்க.

"இதைச் செஞ்சது யாரு?"ன்னேன்.

"நான்தான் பெரியப்பா."

"நீ யாரு?"

பையன் முழிச்சான். "தரணி பெரியப்பா. எதுத்த ஊடு."

"அது எனக்குத் தெரியும். போனுக்குத் தெரியலையே? அது உன்னையத் தெரியாத ஆளுங்குது. தொட்டில்ல கெடந்த நாள்ல இருந்து உன்னையப் பாக்கறேன், அது வேற கணக்கு. உரசிப் பாக்காத சாமானத்தை நான் உள்ளே விடமாட்டேன்."

"சரிங்க பெரியப்பா. தண்ணி வந்தா நானே வந்து சொல்லிர்றேன்"னு சிரிச்சுட்டே போயிட்டான். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் உறுத்துச்சு. மூஞ்சிக்கு நேரா நம்ப மாட்டேன்னு சொல்லியும் ஒருத்தன் சிரிக்கறான்னா, அதுல என்னமோ இருக்குதுன்னு நினைச்சேன். நீங்களே சொல்லுங்க, போன்ல கல்யாணப் பத்திரிகைன்னு வந்ததைத் தொட்டு, பேங்குப் பணத்தையே தொலைச்சவங்க கதையெல்லாம் பேப்பர்ல வருதா இல்லையா? நான் பயந்தது தப்பில்லீங்க. பயந்ததோட வாயை மூடிட்டு இருந்திருக்கோணும். அதைத்தான் பண்ணலை.

பிள்ளையார் கோயில்ல பௌர்ணமி பூசைக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப, எந்திரிச்சு நின்னு பேசிட்டேன். மின்னறதெல்லாம் எப்படி உள்ளே செம்பா இருக்கும், முத்திரை குத்துன நகைலயே எப்படி ஈயம் இருக்கும்னு பெரிய பிரசங்கம். சுண்டல் ஆறிப்போச்சு. எல்லாரும் பொறுமையாக் கேட்டாங்க. கேட்டுட்டு, ஊட்டுக்குப் போயி, எல்லாரும் ஆப்பை ஏத்திக்கிட்டாங்க. வீதில அது இல்லாத போன் என்றது ஒண்ணுதான். எங்கூட்டுக்காரி ருக்குமணி வெச்சிருக்கறது பொத்தான் போனு, அதுல இதெல்லாம் ஏறாது.

அடுத்த வாரமே ஆரம்பிச்சுதுங்க கூத்து. உள்ளே படுத்திருக்கறேன், வெளிய ஒரே சத்தம். வந்து பாத்தா எல்லா ஊட்டுலயும் குடம் நெறஞ்சு நிக்குது. எங்கூட்டுக் குழாய்ல காத்து வருது. "ஏனுங்க, சொல்லியிருக்கலாமே?"ன்னு பக்கத்து ஊட்டம்மாகிட்ட ருக்கு கேட்டா, "உங்க ஊட்டுக்காரரு உரசிப் பாக்காம எதையும் ஏத்துக்க மாட்டாருங்களே, நாங்க சொன்னா நம்புவாரோ மாட்டாரோன்னு சும்மா இருந்துட்டோம்"னு சொல்லுச்சாம். அந்தம்மா மொகத்துல சிரிப்பே இல்லையாம். அதுதான் எனக்கு ஆத்தாமையாப் போச்சு.

பையன் ஊட்டுல இருந்தா வந்து சொல்லுவான், இல்லைன்னு சொல்லக் கூடாது. "பெரியப்பா, தண்ணி வந்துருச்சு"ன்னு கேட்டைத் தட்டுவான். நான் என்ன பண்ணுவேன்னா, "எனக்கு முன்னாலயே தெரியும், நீ போ"ன்னுருவேன். சொல்லிட்டு அவன் தலை மறையற வரைக்கும் பேப்பர் படிக்கறாப்புல உக்காந்திருந்துட்டு, அப்பறம் குடத்தைத் தூக்கிட்டு ஓடறது. அதுக்குள்ள பாதி போயிருக்கும். அவன் வேலைக்குப் போன நேரத்துல வந்தா முழுசும் போச்சு. குளிக்கறதுக்கு என்ற தங்கச்சி ஊட்டுக்கு மொபெட்டுல போவேனுங்க. தங்கச்சி பேரன் மேல திடீர்னு பாசம் வந்துட்ட மாதிரி போயி, அப்படியே ஒரு குளியலைப் போட்டுட்டு, ரெண்டு குடம் புடிச்சுட்டு வர்றது. "போனுக்கு ஒண்ணும் ஆகலை. நம்ம மேலதான் நாத்தம் அடிக்குது"ன்னு ருக்கு சொன்னா. அவ சொன்னது சரிதானுங்க.

அப்பத்தான் எனக்கு ஒரு வழி கெடைச்சுது. புலின்னு ஒரு தெரு நாய். சுலோச்சனா சோறு போட்டு வளந்தது. அந்தம்மா படுத்ததுல இருந்து வாசல்லயே கெடக்கும். ஆப்பு கத்துதுன்னா, எல்லா ஊட்டுக்குள்ள இருந்தும் ஒரே நேரத்துல அந்தம்மா கொரலு கேக்குமில்லீங்களா, நாய்க்குக் கிறுக்குப் புடிச்சுரும். இந்த ஊட்டுக்கும் அந்த ஊட்டுக்கும் ஓடி ஓடிக் கொலைக்கும். ஆகா, இது போதுமேன்னு நினைச்சேன். நாய் கொலைச்சாத் தண்ணி. ஆப்பும் வேண்டாம், போனும் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு ராசா மாதிரி இருந்தனுங்க. ஒரு பொட்டுத் தண்ணி வீணாகலை. அந்தப் பையன் செஞ்சதை நம்ப மாட்டேன்னுட்டு, அதைக் கேட்டுக் கொலைக்கற நாயை நம்பிட்டு இருந்திருக்கேன். இப்பச் சொல்றப்ப எனக்கே எப்படியோ இருக்குது. அப்ப அது பெரிய புத்திசாலித்தனமாப் பட்டுச்சு.

ஒருநா மத்தியானம் நாய் கொலைச்சுது பாருங்க, அப்படி ஒரு கொலைப்பு. நான் லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, அண்டா, குடம், பக்கெட்டு எல்லாத்தையும் வாசல்ல பரப்பி, குழாய்ல ட்யூபை மாட்டி, தொறந்து விட்டுட்டு நிக்கறேன். தண்ணி வரலை. நாயும் நிறுத்தலை. நிமுந்து பாத்தா, மதில் மேல ஒரு கொரங்கு உக்காந்து வாழப்பழம் தின்னுட்டு இருக்குது. அதைப் பாத்துத்தான் கொலைக்குது. எல்லா ஊட்டு மொட்டை மாடிலயும் ஆளுங்க. "உரைகல்லு நாயை உரசிப் பாத்துருச்சு போல"ன்னு ஒரு கொரல் வந்துச்சு. யாருன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கண்டுபுடிக்கலை.

அன்னைக்குப் பாத்துத்தான், தம்பி, காங்கயத்துக்காரங்க வந்தாங்க. இந்தப் பையனை விசாரிக்கத்தான். ட்யூபும் கையுமா நின்னுட்டு இருக்கேன், "எதுத்த ஊட்டுப் பையன் எப்படிங்க?"ன்னாங்க. கோவத்துலயும் நான் நேர்மை தவறலைங்க. "குறை சொல்றாப்புல ஒண்ணுமில்ல. ஆனா நான் உரசிப் பாக்கலை, உறுதி சொல்ல மாட்டேன்"னேன். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, காரைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. எதுத்த ஊட்டுக்குள்ள காலே வெக்கலை. சாதகம் ஒத்து வரலையோ என்னமோ.

அப்பறம் சத்தியமங்கலத்துல இருந்து ஒரு குடும்பம். அவங்ககிட்டயும் அதேதான் சொன்னேன். ஆளுக்கு ஒண்ணு சொல்ற பழக்கம் என்கிட்ட இல்ல. அவங்களும் திரும்பி வரலை.

இதுக்கு நடுவுல போன் கம்பெனிக்காரங்க ஒரு புது விதி கொண்டாந்தாங்க பாருங்க. போன் தானா என்னமோ புதுப்பிச்சுக்கிச்சு. அதுக்கப்பறம் செஞ்சவன் யாருன்னு கம்பெனிக்குத் தெரியாத ஆப்பெல்லாம் செல்லாதுன்னுருச்சு. பேரு, விலாசம், அடையாள அட்டை எல்லாத்தையும் குடுத்து, நான் இன்னாருதான்னு நிரூபிச்சாத்தான் அவனை உள்ளே விடுவாங்களாம். ஒவ்வொரு ஊட்டு போன்லயா சுலோச்சனா கொரல் நின்னு போச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நெஞ்சை நிமித்திட்டு வீதில மேலயும் கீழயும் நடந்தனுங்க. வேலையே இல்லாம நடந்தேன். "நான் அன்னைக்கே சொன்னேன் பாத்தீங்களா, கம்பெனிக்காரனே சொல்லிட்டான்"னு ஊடு ஊடா நின்னு சொன்னேன். மிட்டாய் வாங்கிக் குடுக்காதது ஒண்ணுதான் பாக்கி. ருக்குதான் கூப்புட்டுச் சொன்னா, "ரொம்பக் குதிக்காதீங்க. ஆப்பு நின்னா நாயும் நின்னுரும்." எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நாய்க்கு மட்டும் எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு மறுபடியும் சுலோச்சனா வாசல்ல படுத்துக்கிச்சு. தண்ணி வருது, போகுது, நாய் ஒரு கண்ணைக் கூடத் தொறக்கலை.

பையன்கிட்ட மொத ஆளாப் போயி நின்னது யாருங்கறீங்க? நானேதான். "என்னப்பா இது, ஒரு சாமானம் செஞ்சா ஒழுங்காச் செய்ய வேண்டாமா? வீதியே தவிக்குது!"ன்னு சத்தம் போட்டேன். அவன் என்னையவே பாத்தான். "உங்க போன்ல அது இல்லீங்களே பெரியப்பா"ன்னான். "நான் வீதிக்காகப் பேசறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவன் போன் கம்பெனிக்கு எல்லாத்தையும் குடுத்திருந்தானுங்க. அவங்க பாத்து, சரிபாத்து, ஒரு முடிவு சொல்றதுக்கு நாளாகுமாம். அதுவரைக்கும் இன்னொரு வழி இருக்குதுன்னான். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல, இது யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும், வர்றதை நான் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டா ஏத்திக்கலாம். ஆனா போன் அவ்வளவு லேசுல விடாது. மொதல்ல எச்சரிக்கும். யாராச்சும் உங்களை வற்புறுத்தறாங்களான்னு கேக்கும். போனை அணைச்சுப் போட்டு மறுபடி போடச் சொல்லும். ஒரு நா பொறுத்து வாங்கன்னு சொல்லும். மறுநா போனா, இன்னும் அதே எண்ணத்துலதான் இருக்கறீங்களான்னு கேக்கும். பொண்ணு குடுக்கறவங்க கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க!

ஊட்டுல இருக்கற பெரியவங்களெல்லாம் ரெண்டாவது கேள்விலயே பயந்துட்டாங்க. பையன் போயி அமுத்துங்கன்னா, "நீ சொல்லுவப்பா, உன்ற ஆப்பு"ன்னு போனை மடில மறைச்சுக்கறாங்க. அது நியாயம்தானே? விக்கறவனே நகையை உரசிச் சொன்னா யாரு நம்புவாங்க?

அப்ப ஒருநா காத்தால, எதுத்த ஊட்டுல இருந்து சுலோச்சனா கெளம்பி வந்துச்சுங்க. கம்பியைத் தூக்கி வெக்கறது, நிக்கறது, மூச்சு வாங்கறது, மறுபடியும் தூக்கி வெக்கறது. இந்த வீதியைத் தாண்டறதுக்குள்ள நான் ஒரு பேப்பரையே படிச்சு முடிச்சுட்டேன். எந்திரிச்சுப் போயி நான் பாதி வழில பாத்திருக்கலாம். தோணலை. வந்து இதே எடத்துல நின்னுட்டுச் சொல்லுச்சு, "ஏனுங் மாமா, தரணி சொன்னா யாரும் அமுத்த மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா அமுத்துவாங்க. இந்த வீதிலயே எதையும் நம்பாத ஆளு நீங்கதான். உரைகல்லே..."ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிச்சு. அப்பறம், "நீங்களே நம்பறீங்கன்னா, அப்பறம் யாருக்கு என்ன பயம் இருக்கப் போகுது?"ன்னுச்சு.

வேற என்னுங்க பண்றது? கெளம்புனேன். பழைய லென்ஸையும் கையில எடுத்துக்கிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க, ஒரு தோரணைக்குத்தான். ஊடு ஊடாப் போயி உக்காந்து, ஒவ்வொரு போனா வாங்கி, ஒவ்வொரு கேள்வியாப் படிச்சுச் சொன்னேன். குப்பண்ணன்னு ஒருத்தரு கடைசி ஊட்டுல இருக்காரு. யாராச்சும் வற்புறுத்தறாங்களான்னு போன் கேட்டதும், "ஆமா, இந்தச் சென்னியப்பன்தான்"னு சொல்லி, ஆமாங்கறதையே அமுத்திட்டாரு. அம்புட்டுத்தான், போன் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து. மறுநா மறுபடியும் எல்லா ஊட்டுக்கும் போனேன். இன்னும் அதே எண்ணத்துலதான் இருக்கறீங்களான்னு கேக்கற எடத்துல எல்லாரும் நிறுத்திட்டு என்ற மூஞ்சியைத்தான் பாப்பாங்க. "அமுத்தலாமா உரைகல்லு?"ம்பாங்க. மொத வாட்டி மொகத்துக்கு நேரா அப்படிக் கூப்புட்டாங்க. "அமுத்துங்க. பையனை எனக்குத் தெரியும். நான் இருக்கேன்"னேன். அமுத்துவாங்க. சில பேரு, "நீயே அமுத்திரு"ன்னு வெரலை எடுத்துருவாங்க, நானே அமுத்திருவேன். இந்த வீதி முச்சூடும் என் ஒத்தை வார்த்தைக்காக அமுத்துச்சுங்க. பெருமைக்குச் சொல்லலை. பெருமைக்குத்தான் சொல்றேன்.

கடைசில என்ற போனு. ருக்கு கதவுல சாஞ்சு நின்னு பாத்துட்டு இருந்தா. "உரசிப் பாத்தாச்சுங்களா?"ன்னா. நான் அமுத்துனேன்.

ரெண்டு நா கழிச்சுத் தண்ணி வந்துச்சு. என்ற சட்டைப் பைக்குள்ள இருந்து சுலோச்சனா கத்துது, "தண்ணி வந்துருச்சுங்கோ!"ன்னு. பக்கத்து ஊட்டுலயும் கத்துது, கடைசி ஊட்டுலயும் கத்துது. நாய் பைத்தியமாட்ட ஓடுது. எதுத்த வாசல்ல சுலோச்சனா கம்பியைப் புடிச்சு நின்னுட்டு, தன் கொரலைத் தானே கேட்டுச் சிரிச்சுட்டு இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. அந்த ஓட்டம் ஓடுன காலு அப்படி நிக்குதேன்னு. அப்பறம் குடத்தை எடுக்க ஓடிட்டேன்.

அவ்வளவுதானுங்க கதை. பையன் எப்படின்னு இப்பத் தெரிஞ்சிருக்குமே? போன் கம்பெனிக்காரன் இன்னும் பதில் சொல்லலையாம். அவனும் விசாரிச்சுட்டு இருக்கான், நீங்களும் விசாரிக்கறீங்க. பாவம், அந்தப் பையனுக்கு இது விசாரணை நேரம் போல.

போன மாசம் கூட ஒரு வக்கீலும் அவரு சம்சாரமும் வந்தாங்க. நல்ல மனுசங்க. அந்த ஆடற சேர்லதான் உக்காந்தாரு. சொன்னேன், குறை ஒண்ணுமில்லீங்க, ஆனா நான் உரசிப் பாக்கலைன்னு. அந்தம்மா உடனே கைப்பையை எடுத்துக்கிச்சு. சுலோச்சனா அவங்களுக்குன்னு பலகாரம் சுட்டு வெச்சிருந்துச்சாம். சாயங்காலம் எங்கூட்டுக்குக் குடுத்து விட்டுச்சு, நானும் தின்னேன். "எல்லாரும் வீதி வரைக்கும் வர்றாங்க, ஊட்டுக்குள்ள வர மாட்டேங்கறாங்களே, ஏனுங் மாமா?"ன்னு கேட்டு அழுதுச்சு. "அதுக்கெல்லாம் நேரம் வரோணும் சுலோச்சனா. வெள்ளிக்கெழமை அம்மனுக்கு வெளக்குப் போடு"ன்னு நான்தான் ஆறுதல் சொன்னேன். போட்டுட்டுத்தான் இருக்குது. என்ன ராசியோ, எல்லாரும் இந்த வீதியோடவே திரும்பிப் போயிடறாங்க.

என்னுங்க எந்திரிச்சுட்டீங்க? காப்பி குடிக்காமயா?

என்ன கேட்டீங்க? சித்த திருப்பிக் கேளுங்க.

ஆமாங்க, வீதி முச்சூடும் அமுத்த வெச்சது நான்தான். ஆமா, "பையனை எனக்குத் தெரியும்"னு எல்லா ஊட்டுலயும் நான்தான் சொன்னேன். பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட மட்டும் ஏன் உரசிப் பாக்கலைன்னு சொன்னீங்கன்னு கேக்கறீங்களா... அது போனுங்க தம்பி. இது வாழ்க்கை. அதுக்கும் இதுக்கும்...

இருங்க. இருங்க.

காங்கயத்துக்காரங்க இங்கதான் வந்தாங்க. சத்தியமங்கலத்துக்காரங்களும் இங்கதான். வக்கீலும். எல்லாரும் எங்கூட்டு வாசல்ல இருந்துதான் திரும்பிப் போனாங்க. சாதகம் யாரும் கேக்கவே இல்லை. என்கிட்டத்தான் கேட்டாங்க. அட சண்டாளா! அந்தப் பலகாரத்தை வேற தின்னேனே.

தம்பி, அந்தச் சுலோச்சனா கம்பியைத் தூக்கி வெச்சுத் தூக்கி வெச்சு இந்த வீதியைத் தாண்டி என்கிட்ட வந்து, நீங்க சொன்னா நம்புவாங்க மாமான்னு சொல்லிட்டுப் போச்சு. அப்பவும் எனக்கு உறைக்கலையே.

ஆங், கேட்டீங்களா? அதுதான். அதுதான் சுலோச்சனா கொரலு. என்ற சட்டைப் பைல. தண்ணி வந்துருச்சு. ஏ ருக்கு, நீ போயிக் குழாயைத் தொற! ட்யூபு பொறத்தால கெடக்குது. நான் வர்லை. வர்லைன்னு சொல்றேன்ல? போனாப் போகட்டும் தண்ணி, அடுத்த வாரம் புடிச்சுக்கலாம்.

நீங்க கேளுங்க தம்பி. தரணியை எனக்குத் தெரியும். பேசாதவன் ஊட்டுக் கேட்டையும் தட்டுன தாய்க்குப் பொறந்தவன். நம்ப மாட்டேன்னு சொன்னவன் ஊட்டுக்கும், தான் ஊட்டுல இருந்தப்பெல்லாம் வந்து தண்ணின்னு சொல்லிட்டுப் போனவன். நம்புங்க. உரசலை, திராவகம் விடலை, லென்ஸு வெச்சுப் பாக்கலை. உரசாமயே சொல்றேன். என் ஆயுசுல இப்படி யாருக்கும் சொன்னதில்லீங்க.

வாங்க, எந்திரிங்க. நானே கூட்டிட்டுப் போறேன். காப்பி அங்க குடிச்சுக்கலாம், சுலோச்சனா போடும், இன்னேரம் அந்த ஊட்டுலயும் தண்ணி வந்திருக்கும். திரும்பிப் போன மத்த மூணு குடும்பத்துக்கும் நான் அப்பறம் போயிச் சொல்றேன், இப்ப உங்களை விட்டா ஆகாது.

மெதுவா, மெதுவா. காலைப் பாத்து வெய்யிங்க தம்பி, இந்த எடம் வழுக்கும். என்ற தொட்டி வழிஞ்சு புடிச்ச பாசி. இங்கதான் சுலோச்சனா உழுந்துச்சு.